சூறாவளியின் வால்

"எல்லாம் சேர்த்துட்டேன் டீச்சர். ஆனா எழுத்து ஓட மாட்டேங்குது."

கோதண்டம் மடிக்கணினியைத் திருப்பி வைத்தார். எழுத்துரு வரையக் கற்க, தம்மைவிட இளையவரான சகாயமேரியிடம் வந்து சேர்ந்த ஐம்பது வயது மாணவர் அவர்.

திரையில் 'சூறாவளி' என்ற பெயர் இருந்தது. பழைய அமெரிக்க பேஸ்பால் சட்டைகளின் மார்பில் அணியின் பெயர் இருக்குமே, அதே சாய்வு. எழுத்தோடு எழுத்து கைகோத்துச் செல்லும் அதே வளைவு. கடைசி எழுத்திலிருந்து கிளம்பி, பெயருக்கு அடியில் பின்னோக்கி ஓடும் அதே வால்.

"யாருக்கு இது?"

"மகளோட கபடி டீமுக்கு. அவதான் கேப்டன். சாயங்காலம் சட்டை பிரிண்டிங்குக்குப் போகுது. இதுவும் சரியில்லன்னா இன்டர்நெட்ல இருந்து எதையாவது எடுத்துப் போட்டுக்கப் போறாங்களாம்."

"மகள் என்ன சொன்னா?"

கோதண்டம் தயங்கினார்.

"'அழகாத்தான் இருக்குப்பா. ஆனா விருந்து சாப்பிட்டுட்டுப் படுத்த மாதிரி இருக்கு'ன்னா."

சகாயமேரி சிரிக்கவில்லை.

"முதல்ல எதை வரைஞ்சீங்க?"

"வாலை. அதுதானே கண்ணுல படும்? அது அமையவே ஒரு வாரம் ஆச்சு. அப்புறம் பேரை அதுமேல உட்கார வச்சேன்."

"செருப்பைக் கழட்டிட்டு வாங்க."

பக்கத்துப் பள்ளியின் கபடிக் களம் காலியாக இருந்தது. ஓரத்தில் செருப்பை விட்டுவிட்டுக் கோதண்டம் இறங்கினார். செம்மண்ணின் நடுவே சுண்ணாம்புக் கோடு பளிச்சென்று தெரிந்தது.

"கோட்டுல நின்னு, காலால ஒரு வால் இழுங்க."

அவர் கட்டைவிரலை ஊன்றிக் கவனமாக இழுத்தார். அவருக்கே பிடிக்கவில்லை. திருத்தினார். மறுபடியும் திருத்தினார்.

"போதும். இப்ப களத்தோட அந்தக் கடைசிக்குப் போங்க. முழு வேகத்துல ஓடி வந்து, இந்தக் கோட்டுல நில்லுங்க."

"இந்த வயித்தை வச்சுக்கிட்டா?"

"கழட்டி வைக்க முடிஞ்சா வச்சுட்டு வாங்க."

கோதண்டம் வேட்டியை மடித்துக் கட்டினார். ஓடினார்.

கோட்டில் காலை ஊன்றினார். உடம்பு நிற்கவில்லை. ஊன்றிய கால் மண்ணை உழுதுகொண்டே போயிற்று. விழாமல் நிற்பதே பெரும்பாடாகிவிட்டது.

மூச்சு வாங்கத் திரும்பிப் பார்த்தார்.

கோட்டிலிருந்து அவர் குதிகால் வரை ஒரு தடம். தொடக்கத்தில் ஆழமாகவும் அகலமாகவும் இறங்கி, ஒரு பக்கம் வளைந்து, மெலிந்து, ஒன்றுமில்லாமல் முடிந்திருந்தது. புழுதி இன்னும் அடங்கவில்லை.

அதன் அருகில், முன்பு அவர் இழுத்த வால் கோழி கிளறியதுபோல் கிடந்தது.

சகாயமேரி கோதண்டத்தின் செருப்பை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தார்.

அலைபேசி ஒலித்தது. மகள்.

"அப்பா, பிரிண்டிங் அண்ணன் கேக்குறாரு. வாலை இன்னும் கொஞ்சம் நீட்டினா சரியாயிடுமா?"

கோதண்டம் இரண்டு தடங்களையும் பார்த்தபடி நின்றார்.

"வால் இன்னும் வரலம்மா," என்றார். "பேரு ஓடி வந்து நின்னாத்தான் வால் விழும். பேரையே இப்பத்தான் எழுதப் போறேன்."