தனுஷ்கோடி அண்ணாச்சியின் கார்டு சுவிட்சர்லாந்து போன கதை

விளாத்திகுளத்தில் என் ஜெராக்ஸ் கடையில் தனுஷ்கோடி அண்ணாச்சி வந்து உட்கார்ந்தால் மிஷினுக்குக் கரண்டு வேண்டாம். அவர் வாயே போதும்.

அன்று பூமயில் வந்திருந்தாள். மகளுக்குப் பேறுகாலம், வியாழக்கிழமை மலேசியா பயணம். துணைக்கு ஆள் இல்லை. பாஸ்போர்ட்டை ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்துவிட்டு அவரிடம் கேட்டாள்.

"அண்ணாச்சி, செலவுக்கு அந்த ஊர்ப் பணமா மாத்திக்கிடணுமா, கார்டு போதுமா?"

கேட்டிருக்கக் கூடாது.

"பணம் எதுக்குத் தாயி? நான் சுவிட்சர்லாந்து போனப்ப ஒத்த ரூவா கொண்டுபோகல. இந்தக் கார்டு மட்டுந்தான். காபிக் கடையில நீட்டுனேன். மிஷின் 'ஐயா வாங்க'ன்னுச்சு."

"தமிழ்லயா?" என்றார் செல்லச்சாமி. முப்பத்தோரு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர்.

"சுத்தத் தமிழ்ல! ரயில்ல ஏறப் போனேன். கார்டைப் பையில இருந்து எடுக்கக்கூட இல்ல, அதோட வாசனைக்கே பதினெட்டுப் பெட்டியும் கதவைத் திறந்துட்டு. மலை ரயிலுக்குக் கார்டுல கட்டுனேன் பாரு, மீதிச் சில்லறை கொடுக்க அந்த நாட்டுலயே காசு பத்தல."

"கார்டுல கட்டுனா மீதி எங்கவே வரும்?" என்றார் செல்லச்சாமி.

"என் கார்டுக்கு வரும். பேங்க் மேனேஜர் அழுதுட்டாரு. 'சில்லறைக்குப் பதிலா மலையை வச்சுக்கிடுங்க'ன்னு பத்திரமே எழுதிக் கொடுத்தாரு."

"பத்திரம் எங்க?"

"பனியில எழுதுனது. மதுரையில இறங்கதுக்குள்ள கரைஞ்சிட்டு."

அதுவரை ஒன்பது பொய். செல்லச்சாமி சிரித்தார். பூமயில் சிரிக்கவில்லை. மாற்றுவதற்காகக் கொண்டுவந்த பணத்தைப் பையின் அடியில் செருகிக்கொண்டிருந்தாள். நம்பிவிட்டாள். அந்நிய ஊர் விமான நிலையத்தில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கப் போகிறாள்.

"அந்தக் கார்டைக் கொஞ்சம் காட்டுங்க அண்ணாச்சி," என்றேன்.

பெருமையாக நீட்டினார். அடியில் இருந்த பொடி எழுத்தைச் சத்தமாகப் படித்தேன்: இந்தியாவிலும் நேபாளத்திலும் மட்டுமே செல்லும்.

அண்ணாச்சி அசரவில்லை.

"அதுல்லாவே பெருமை! நான் போய் இறங்குன அன்னைக்கே சுவிட்சர்லாந்தை நேபாளத்தோட சேத்துட்டான். என் கார்டு செல்லணும்லா!"

பூமயில் தன் கார்டை எடுத்துப் பார்த்தாள். அதே பேங்க், அதே பொடி எழுத்து. பாஸ்போர்ட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"மலேசியாவை எப்ப நேபாளத்தோட சேப்பீய அண்ணாச்சி? வியாழக்கிழமைக்குள்ள முடியாதுன்னா இப்பவே சொல்லிருங்க. பேங்க் நாலு மணிக்கு மூடிருவான்."