தொடையைப் பார்த்த வைத்தியர்

ஒரு காட்டில், குளத்தங்கரையில் கழுதைப்புலி ஒன்று பேதி வைத்தியம் பார்த்து வந்தது. வயிற்றில் சேர்ந்த கழிவு வெளியே போனால்தான் உடம்பு உடம்பாக இருக்கும் என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லும். பேதியாக்கும் நேர்வாளக் கொட்டையை அரைத்து உருண்டை பிடித்துக் கொடுக்கும். வாங்கிப் போன முயலையும் கீரியையும் அப்புறம் யாரும் பார்க்கவில்லை. கேட்டால், உடம்பு தேறி மாமியார் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள் என்று சொல்லும். அத்தனை பேருக்கும் மாமியார் மேல் அப்படி என்ன பாசமோ!

காட்டுப்பூனை வரிச்சிக்கு யார்மேலும் லேசில் நம்பிக்கை வராது. ஆனால் அவளுடைய ஒரே குட்டி துளி, புறாக்குஞ்சை இறகோடு விழுங்கிவிட்டு வயிறு உப்பிக் கிடந்தது. தண்ணீர்கூட இறங்கவில்லை. மனசு கேட்காமல் குட்டியைக் கவ்விக்கொண்டு வைத்தியரிடம் போனாள்.

வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்லவில்லை. என்ன தின்றது என்றும் கேட்கவில்லை. குட்டியின் தொடையை அமுக்கிப் பார்த்து எச்சில் விழுங்கினார். வரிச்சிக்குச் சுருக்கென்றது.

"இதைக் கொடுத்தால் நிற்காமல் போகும். எழுந்து நடக்கவே முடியாது. பயப்படாதே, நல்லதுதான்" என்று உருண்டையை நீட்டியது கழுதைப்புலி. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆமாம், குட்டியை எங்கே படுக்க வைப்பாய்?" என்று கேட்டது.

நோய் வயிற்றில் இருக்க, இவருக்கு விலாசம் எதற்கு? வரிச்சி எதையும் காட்டிக்கொள்ளவில்லை.

"ஈச்சம்புதருக்குள்தான் வைத்தியரே. நான் இரை தேடப் போய்விடுவேன், தனியாகத்தான் கிடக்கும்" என்றாள்.

உருண்டையை வழியிலேயே மண்ணைத் தோண்டிப் புதைத்தாள். வயிறு சரியில்லை என்றால் புல்லைக் கடிப்பது பூனைகளின் வழக்கம். பயத்தில் அதையே மறந்து தொலைத்திருந்தாள்! அறுகம்புல்லைப் பிடுங்கிக் குட்டிக்கு ஊட்டினாள். துளி ஓங்கரித்தது, ஒன்றும் வரவில்லை. வரிச்சிக்குப் பாதி உயிர் போய்விட்டது. மறுபடியும் ஊட்டினாள். இறகுப் பந்து ஒன்று வெளியே வந்து விழுந்தது.

"அம்மா, பசிக்குது" என்றது துளி. வரிச்சி அழுதே விட்டாள்.

சாயங்காலம் கழுதைப்புலி சப்புக்கொட்டிக்கொண்டு ஈச்சம்புதருக்குள் தலையை விட்டது. அங்கே கன்று ஈன்ற காட்டெருமை படுத்திருப்பது வரிச்சிக்குத் தெரியும், வைத்தியருக்குத் தெரியாது. ஒரே முட்டு! மருந்தே இல்லாமல் வைத்தியருக்குப் பேதியாகிவிட்டது. நொண்டிக்கொண்டே காட்டைவிட்டு ஓடினார்.

மறுநாள் உருண்டை வாங்க வந்த மான், வைத்தியர் எங்கே என்று கேட்டது.

"மாமியார் வீட்டுக்குப் போயிருக்கிறார்" என்றாள் வரிச்சி.

நோயை விசாரிக்காமல், நோயாளி தனியாக இருப்பானா என்று விசாரிக்கிறவர் கொடுக்கும் மருந்தை நம்பி விழுங்கக் கூடாது.