இரண்டாம் பகுதிக்கு முன்னால்

மாஸ்டர் பாக்கியநாதன் சிம்பொனிக் குழுவிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, அவர் நடத்திப் பதிவான இசையெல்லாம் ஒரே தொகுப்பாக வெளிவந்தது. அட்டையில் அவருடைய கை மட்டும் இருந்தது. குழுவை நடத்தும் கோலைப் பிடித்து உயர்ந்த கை.

அதில் ஒரு சிம்பொனியின் இரண்டாம் பகுதியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அவர் போகும் வீட்டிலெல்லாம் அதைத்தான் போட்டுக் காட்டுவார்கள். மெதுவாகத் தொடங்கும். வயலின்கள் அடங்கியதும் ஓபோ என்ற குழல் தனியாக எழும். மாஸ்டரின் உள்ளம் அதில் அழுகிறது என்று பத்திரிகைகளில் எழுதினார்கள்.

அவருக்குப் பின் குழுவை நடத்த வந்தவர் அவருடைய சீடர் ஜெயசீலன். ஐம்பதைத் தாண்டியவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நேராக மாஸ்டர் வீட்டுக்கு வந்தார்.

"நாளைக்கு ரெக்கார்டிங், மாஸ்டர். அதே சிம்பொனி."

"உன்னை யார் அதை எடுக்கச் சொன்னது?"

"நிர்வாகம். சரியா வரலைன்னா என் பேர்ல இனிமே எதுவும் போட மாட்டாங்க. உங்க பழைய பதிவையே மறுபடி மறுபடி வித்துக்கலாம்னு சொல்லிட்டாங்க."

"சிக்கனமான ஆளுங்க."

ஜெயசீலன் சிரிக்கவில்லை.

"ஓபோ வாசிக்கிற பொண்ணு அனிலா. ஒரு ஸ்வரம் தப்பாது. ஆனா உயிரே இல்லை. உங்க பதிவுல பிலோமினா வாசிச்சாளே, அது வரமாட்டேங்குது. எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டேன்."

"என்ன சொன்னே?"

"சோகமா வாசிம்மான்னு."

"அதுக்கு?"

"சரி சார்னு சொல்றா."

"சோகமா இருக்கிறவ அப்படிச் சொல்ல மாட்டா."

"நீங்க எப்படி வர வெச்சீங்க? அதை மட்டும் சொல்லுங்க, போதும்."

"நீதான் அங்கே இருந்தியே. ரெண்டாம் வயலின்ல."

"இருந்தேன். நீங்க கோலைத் தூக்கினீங்க. அவ வாசிச்சா. வேற ஒண்ணும் ஞாபகமில்லை."

மாஸ்டர் எழுந்து அலமாரியிலிருந்து ஒரு கேசட்டை எடுத்தார். பதிவு நடந்த அன்று ஒலிப்பதிவாளர் இடைவேளையிலும் நாடாவை நிறுத்தாமல் ஓடவிட்டிருந்தார். அதன் நகல் இது. டேப் ரெக்கார்டரில் போட்டு ஓடவிட்டார்.

முதலில் நாற்காலிகள் நகர்ந்தன. யாரோ இருமினார்கள். பிறகு மாஸ்டரின் குரல் வந்தது. இளமையான குரல்.

"பிலோமினா, போன வாரம் உங்க அம்மாவை அடக்கம் பண்ணாங்களே, அங்கேயாவது அழுதியா? இல்லே, அங்கேயும் இப்படித்தான் நின்னியா?"

வாசிக்கத் தொடங்கும் முன் ஓபோதான் ஒரு ஸ்வரத்தைக் கொடுக்கும். குழு முழுவதும் அதைக் கேட்டுச் சுருதி சேர்த்துக்கொள்ளும். ஓபோ வாசிப்பவருக்கு உள்ள மரியாதை அது. நாடாவில் பிலோமினா அந்த ஸ்வரத்தைத் தொடங்கினாள். மாஸ்டரின் குரல் குறுக்கே வந்தது.

"நிறுத்து. கிளாரினெட் கொடுக்கட்டும். இந்தம்மாகிட்டேருந்து இன்னிக்கு யாரும் எதையும் வாங்கிக்க வேண்டாம்."

ஒருவன் சிரித்தான். வயலின்களின் பக்கமிருந்து, மூக்கால் வருகிற சிரிப்பு. அவனைத் தொடர்ந்து இன்னும் சிலர் சிரித்தார்கள்.

"முதல்ல சிரிச்சது யாருன்னு தெரியுதா?" என்றார் மாஸ்டர்.

ஜெயசீலன் சுழலும் நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியுது."

கிளாரினெட் ஸ்வரம் கொடுத்தது. குழு சுருதி சேர்ந்தது. இரண்டாம் பகுதி தொடங்கியது. வயலின்கள் அடங்கின. ஓபோ எழுந்தது. எல்லோரும் புகழ்ந்த அதே வாசிப்பு. அது முடியும்வரை மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

"இந்த வாசிப்பு வரணும்னுதான் அப்படிச் சொன்னீங்களா, மாஸ்டர்?"

"ரொம்ப வருஷம் அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். பேட்டியிலகூட கலைக்காகச் சில சமயம் கடுமையா இருக்கணும்னு சொல்லியிருக்கேன். நிஜத்துல அன்னிக்கு வெறும் எரிச்சல். சத்தம் பதிவாகும்னு ஃபேனை நிறுத்தியிருந்தாங்க. சாப்பாட்டு நேரமும் தாண்டிப்போச்சு."

"பிலோமினா அப்புறம் எங்கே போனா?"

"வாத்தியம் குழுவோடது. துடைச்சு, பெட்டியில வெச்சு, என் மேசைமேல வெச்சுட்டுப் போனா. வேற எங்கேயும் வாசிச்சதா யாரும் சொல்லலை."

"நீங்க போய்ப் பார்க்கலையா?"

"அந்தப் பதிவுக்கு விருது கொடுத்தாங்க. அதை வாங்கப் போனேன்."

மாஸ்டர் கேசட்டை வெளியே எடுத்து உறையில் போட்டார். ஜெயசீலன் சொல்லிக்கொள்ளாமல் எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டினார். ஆனால் படி இறங்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"அனிலாவுக்குப் போன மாசம் கல்யாணம் நின்னுபோச்சு, மாஸ்டர்."

"அதுக்கு?"

"பத்திரிகையெல்லாம் கொடுத்து முடிச்ச பிறகு, மாப்பிள்ளை வீட்டுல வேண்டாம்னுட்டாங்க. குழுவுல எல்லாருக்கும் தெரியும். யாரும் அவகிட்டே பேசறதில்லை."

மாஸ்டர் அவரைப் பார்த்தார்.

ஜெயசீலன் குரலைத் தாழ்த்தினார்.

"அதைச் சொன்னா வருமா?"

"வரும்" என்றார் மாஸ்டர். "அப்புறம் நீ போற வீட்டிலெல்லாம் அந்தப் பதிவைத்தான் உனக்குப் போட்டுக் காட்டுவாங்க."