கொக்கூரணிப் பாலும் கறுப்புத் திரையும்

கொக்கூரணிப் பால் சங்கத்தில் ஆட்கள் மூன்று பேர். மூளை பொதுவில் ஒன்றுதான், அதுவும் அன்றைக்கு லீவு.

பொறுப்பு செங்கமலத்துக்கு. புதுக் கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் சரியான கட்டளையைத் தட்டினால் பில் வரும். பில் வந்தால்தான் வெளியே கேன்களோடு நிற்கும் லாரி கிளம்பும். கிளம்பாவிட்டால் ஊர்ப்பால் மொத்தமும் திரிந்துபோகும்.

புரோகிராம் எழுதிய டவுன் தம்பி பிரபாகருக்குக் கையேடு எழுதச் சோம்பல். புரோகிராமைப் படித்துத் தானே கையேடு தயாரிக்கும் ஒரு கருவியிடம் வேலையைத் தள்ளிவிட்டான். வரிகளுக்கு நடுவே அவன் தனக்கென்று கிறுக்கி வைத்திருந்ததையும் அது ஒன்றுவிடாமல் அள்ளிப் போட்டிருந்தது.

செங்கமலம் சத்தமாக வாசித்தாள். "பில் என்று தட்டவும். இந்த இடத்தைத் தொடாதே, தொட்டால் எல்லாம் விழுந்துவிடும்."

எழுத்தர் மாடக்கண்ணு கையை இழுத்துக்கொண்டார். "எந்த இடம் மதினி?"

"இந்த இடம்னு போட்டிருக்கு. அப்போ நாம நிக்கிற இடம்தான்."

"ஐயோ, தொட்டுக்கிட்டுல்லா நிக்கோம்!"

மூவரும் பெஞ்சு மேல் தாவினார்கள். "பெஞ்சு தரையைத் தொடுதே" என்றான் காவல்கார உலகு. நியாயம்தான். உத்தரத்தைப் பிடித்துத் தொங்கினார்கள்.

தொங்கியபடியே செங்கமலம் அடுத்த வரிக்குப் போனாள். "சுகந்தி கல்யாணத்துக்குள் இதைச் சரிசெய்ய வேண்டும்."

"நம்ம ஊர்ச் சுகந்திக்குக் கல்யாணமாகி ரெண்டு பிள்ளையாச்சே! நாள் தாண்டிட்டே மதினி!"

"பதறாதீரும். இன்னொரு தடவை கட்டி வச்சிட்டாப் போச்சு."

"மாப்பிள்ளை?"

"பழைய மாப்பிள்ளையே போதும். சட்டை அளவாவது தெரியும்."

உத்தரம் தாங்கவில்லை. மூவரும் பொத்தென்று விழுந்தார்கள். "விழும்னு சொன்னான், விழுந்துட்டு பாத்தீங்களா!" மாடக்கண்ணுவுக்குக் கையேட்டின் மேல் பக்தியே வந்துவிட்டது.

லாரிக்காரர் ஹாரனை அழுத்தினார். செங்கமலம் பிரபாகருக்குப் போன் போட்டு, விழுந்தது வரைக்கும் சொன்னாள்.

"அக்கா! அதெல்லாம் எனக்கு நானே எழுதிக்கிட்டது! வைங்க போனை, வேற அனுப்புறேன்."

அவன் கடுப்பில் பழைய குறிப்பை அழித்து, மேலே புதிதாக ஒரு வரி எழுதி, கருவியை மறுபடி ஓட்டினான். பிரின்டரில் புதுக் கையேடு வந்தது. முதல் வரி: "இது முழு முட்டாள்களுக்கு மட்டும்."

செங்கமலம் சட்டென்று மூடினாள். "இது நமக்கு இல்லப்பா. ஆள் மாறி வந்துட்டு."

"அடுத்தவங்க சாமானைப் பிரிச்சுப் பாக்கப்படாது" என்றான் உலகு.

"பாவம், அவங்க பால் அங்க திரிஞ்சுக்கிட்டு இருக்கும். மொதல்ல கொண்டுபோய்க் கொடுத்துருவோம்."

நடந்தால் நேரமாகும். லாரியில் போகலாமென்றால், பின்னால் முழுக்கக் கேன்கள். லாரிக்காரர் யோசித்தார். "பில் இல்லாமப் பால் போகக் கூடாதுன்னுதான் உத்தரவு. ஆளுங்க போலாம்."

அத்தனை கேன்களையும் வெயிலில் இறக்கி வைத்துவிட்டு மூவரும் ஏறிக்கொண்டார்கள். ஊருக்கு ஊர் லாரியை நிறுத்தி, "இங்க முழு முட்டாளுங்க யாரும் இருக்கீங்களா? உங்க சாமான் எங்ககிட்ட வந்துட்டு!" என்று செங்கமலம் தொண்டை வற்றக் கூவினாள். எந்த ஊரிலும் ஒருத்தராவது ஒத்துக்கொள்ள வேண்டுமே!