இறங்குகிற சிறகு

அந்தக் காலத்தில் மோட்டார் சைக்கிள்களுக்குப் பேச்சு இருந்தது. உடுத்திக்கொள்ளத்தான் ஒன்றும் இல்லை. எலும்பும் நரம்பும் வெளியே தெரிய, பிறந்த மேனியாக ஓடின. காற்றும் பேசியது. பறவைகள் தேவைக்கு அதிகமாகவே பேசின.

தெற்கே, செம்மணல் மேடான தேரியும் பனங்காடுமாகக் கிடக்கிற சீமையில், எந்தச் சண்டைக்கோ போட்டுவிட்டு மறந்துபோன விமானத் தளம் ஒன்று இருந்தது. விமானங்கள் போன பிறகு அதில் ஆடுகள் படுத்தன. ஆடி பிறந்து பனையேற்று ஓய்ந்ததும், ஆடுகளை விரட்டிவிட்டு மனிதர்கள் வண்டிப் பந்தயம் விட்டார்கள். தளத்தின் ஒரு முனையில் கிளம்பி, மறு முனையில் நட்டிருக்கும் பனந்தூணைச் சுற்றித் திரும்பி வர வேண்டும். ஜெயித்தவனுக்கு ஒரு பூமாலை. அதுவும் பொழுது சாய்வதற்குள் வாடிவிடும். எதற்காக ஓட்டினார்கள் என்று கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரியாது.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அந்தக் காற்று வண்டி ஓட்டுகிறவனை நெஞ்சில் அடித்தது. வேகம் கூடக் கூட அடியும் பலமாக விழுந்தது. ஓர் அளவுக்கு மேல் எந்த வண்டியாலும் போக முடியவில்லை.

ஏசுவடியான் என்று ஒருவன் இருந்தான். கருப்பட்டி அள்ள வீட்டில் வைத்திருந்த கடகப்பெட்டியை, பனையோலையில் முடைந்த பெரிய பெட்டி அது, நடுவில் பிளந்தான். பாதியைத் தன் வண்டியின் ஹேண்டில்பாருக்கு முன்னால் கவிழ்த்துக் கட்டி, அதற்குப் பின்னால் தாடையைப் பெட்ரோல் டாங்கின்மேல் வைத்துப் படுத்துக்கொண்டான்.

தளத்தில் ஒரே சிரிப்பு.

"என்னவே, கோழியக் கவுத்திப் போட்டிருக்கீரா?"

"முட்ட போட்டா எனக்கு ஒண்ணு எடுத்து வையும்."

"பின்னாலதான வருவீரு, நீரே பொறுக்கிக்கிடும்," என்றான் ஏசுவடியான்.

அந்த ஆடியில் மற்றவர்கள் எல்லாரும் அவன் கிளப்பிய புழுதியைத்தான் தின்றார்கள். மாலையோடு வீட்டுக்கு வந்தவனை அவன் மனைவி கிருபை வாசலிலேயே நிறுத்தினாள். "நல்லா இருக்கு. இனி இந்த மாலையிலதான் கருப்பட்டி அள்ளணும் போல." சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். அவள் சிரித்ததைப் பார்த்தவர்கள் பிற்பாடு அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த ஆடிக்கு மிச்சமிருந்த பாதியையும் வெட்டி, வண்டியின் விலாவையும் மூடினான். அடிப்பதற்கு நெஞ்சு கிடைக்காத காற்று வேறு வழி பார்த்தது. பாதி மேலே ஏறிப் போனது. பாதி அடியில் புகுந்தது. பனந்தூணை நெருங்கும்போது வண்டியின் முன்சக்கரம் தரையை விட்டது. அதிகம் இல்லை. தூண் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கிருபைக்கு, சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவில் ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தது, அவ்வளவுதான். தரையில் இல்லாத சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்பி என்ன? வண்டி வளையாமல் நேராகப் போனது. ஏசுவடியானைப் பாயில் வைத்து வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள்.

ஆளைக் கொன்ற வண்டிக்கு அங்கே ஒரு வழக்கம் உண்டு. அடுத்த ஆடியில் அதே வீட்டு ஆள் ஒருவன் அதை ஓட்டி, விழாமல் கொண்டுவந்து நிறுத்தினால் பழி நீங்கியது. இல்லையென்றால் சம்மட்டியால் உடைத்துத் தேரி மணலில் புதைத்துவிடுவார்கள். அந்த வீட்டில் மிஞ்சியிருந்தது கிருபையும், ஏசுவடியானின் தம்பி கோயில்பிள்ளையும்தான்.

"ஒடைக்கச் சொல்லும்," என்றாள் கிருபை. "அவங்க வர நேரமாவும்னா நாமளே ஒடைப்போம்."

"அண்ணன் கை பட்ட வண்டி, மதினி."

"அண்ணனே போயாச்சு. இனி கை பட்டதுக்கு அழுவீராக்கும்? ஒரு வீட்டுக்கு ஒரு பாய் போதும், கொழுந்தனாரே."

வண்டி மூலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. "தாயி சொல்லுதது சரிதான்," என்றது. "ஒடச்சிருங்க. எனக்கும் அலுத்துப் போச்சு. இன்னொரு ஆளக் கீழ போட எனக்குத் தெம்பு இல்ல."

"ஒன்னய யாரு கேட்டா?" என்றாள் கிருபை. புருஷன் போன பிறகு அவள் அதனோடு பேசிய முதல் வார்த்தை அது.

கோயில்பிள்ளை இரண்டு பேர் சொன்னதையும் கேட்கவில்லை. முன்பக்கம் தூக்குகிறது என்றால் முன்பக்கத்தில் பாரம் வைத்தால் போயிற்று என்று நினைத்தான். தேரி மணலை மூட்டையாகக் கட்டி ஹேண்டில்பாரில் தொங்கவிட்டு ஓட்டிப் பார்த்தான். சக்கரம் எழும்பவில்லை; ஆனால் வளையவும் இல்லை. நேரே போய் உடைமரத்துக்குள் விழுந்தான். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கிருபை அவன் முதுகில் இருந்த முள்ளையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"மூட்டையும் ஏத்தி ஆளையும் ஏத்தி," என்றாள் கடைசியில், "மாட்டுவண்டின்னு நெனச்சீரா?"

மறுநாள் பந்தயம். விடிந்ததும் அவன் தளத்தின் நடுவில் போய் நின்று காற்றிடம் கேட்டான். "எங்க அண்ணன ஏன் தூக்குன?"

"நானா தூக்குனேன்?" காற்றின் குரலில் கோபம் இல்லை, நெடுந்தூரம் நடந்து வந்தவன் குரல் போல இருந்தது. "கணவாயில கெளம்புனவன், ஓயாம வாரேன். எதுக்க வந்து முட்டுதது நீங்க. மேல போக எடம் இருந்தா மேல போவேன். இல்லன்னா அடியில நொழைவேன். எனக்குக் கடலுக்குப் போவணும், படுக்கணும். ஒங்க பந்தயம் எனக்கு எதுக்கு?"

"அப்ப தரையில நிக்க என்னதான் வழி?"

"ஏறுததுக்குத்தான் எல்லாரும் என்னயத் தேடுதாவ. இறங்குததுக்கும் என்னய வச்சுக்கிடத் தெரிஞ்சவன் ஒருத்தன்தான். அந்தா, அவன்கிட்டக் கேளு."

அங்கே உழவாரன் இறங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் காலத்து உழவாரன் பருந்தளவு பெரிய பறவை. அதற்கு இரண்டு சோடிச் சிறகுகள். அரிவாள் போல வளைந்த நீண்ட சோடி ஒன்று, ஏறுவதற்கு. நெஞ்சின் இரு பக்கமும் உள்ளங்கை அகலத்தில் குட்டையான சோடி ஒன்று, இறங்குவதற்கு. நீண்ட சிறகை விரித்தால் காற்று அடியில் வந்து தாங்கும். குட்டைச் சிறகை விரித்தால் அதே காற்று மேலே ஏறி உட்கார்ந்து அமுக்கும். எந்தப் புயலிலும் நினைத்த இடத்தில் ஆணி அடித்தது போல இறங்கும். இறங்கி, உறுதியான கால்களால் தளத்தில் நடந்து ஈசல் பொறுக்கும்.

கோயில்பிள்ளை கேட்டதும் அது தலையைச் சாய்த்துப் பார்த்தது. "எரவலாவா?"

"ஒரு நாளைக்கு. பந்தயம் முடிஞ்சதும் தந்திருதேன்."

"நீ விழுந்துட்டா?"

"விழாம இருக்கத்தான கேக்கேன்."

உழவாரன் குட்டைச் சிறகை ஒருமுறை விரித்து மடக்கியது. "சரி, கொண்டு போ. இறங்குனா மறுபடி ஏறணும், ஏறுனா மறுபடி இறங்கணும். இது ஒரு பொழப்பா? ஒரு நாளு மேலயே கெடந்து பாக்கேன். ஆனா பொழுது சாய முந்தித் தந்திரணும். ராத்திரி கால ஊணித் தூங்காட்டா எனக்கு ஒடம்பு தாங்காது."

அந்தக் காலத்தில் எதையும் கழற்றுவதும் மாட்டுவதும் இன்றுபோல் கடினமாக இருக்கவில்லை. உழவாரன் அலகால் கோதி இரண்டு குட்டைச் சிறகையும் எடுத்துக் கொடுத்தது. கொடுத்துவிட்டு எழும்பிப் போய்விட்டது.

கோயில்பிள்ளை அவற்றை வண்டியின் முகத்தில், அண்ணன் கட்டிய ஓலைக்கூட்டின் இரு பக்கமும் திருகாணி போட்டு மாட்டினான். எல்லாப் பறவைக்கும் இருப்பது போல மேடு மேலேயும் பள்ளம் கீழேயுமாக வைத்தான். சிறகென்றால் மனிதனுக்கு அது ஒன்றுதான் தெரியும். ஓட்டிப் பார்த்தால், பாதித் தளம் போவதற்குள் வண்டி அலறியது.

"தம்பி, நிறுத்து, நிறுத்து! முன்னயவிட லேசாப் போறேன்!"

மேலேயிருந்து உழவாரன் சிரித்தது. "ஏல, என் பெரிய சிறகப் பாத்துல்லா மாட்டிருக்க! அது ஏறிப் போறவன் மாட்டுத மொறை. நீ நிக்கணும்ல? கவுத்திப் போடு. காத்து முதுகுல ஏறி உக்காரட்டும்."

கவிழ்த்து மாட்டினான். தளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றதும் வண்டி, "ரொம்ப நாளைக்கப்புறம் தரை தெரியுது," என்றது.

பந்தய நேரம் வந்தது. கிருபை வரமாட்டேன் என்று சொல்லியிருந்தாள். ஆனால் வண்டிகள் கிளம்பும்போது அவள் பனந்தூணுக்குப் பக்கத்தில், போன ஆடியில் நின்ற அதே இடத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். வண்டியையோ கொழுந்தனையோ அவள் பார்க்கவில்லை. முன்சக்கரம் தரையைத் தொடுகிற இடத்தையே பார்த்தாள். காற்று அன்று சரியான காற்று. முந்தானையைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. வண்டி பெரிதாகிப் பெரிதாகி வந்தது. சக்கரத்துக்கடியில் வெளிச்சம் தெரியவில்லை. பனந்தூணைச் சுற்றி வளைந்தபோதும் தெரியவில்லை. அவள் மேல் புழுதியை வாரி இறைத்துவிட்டு அது திரும்பிப் போயிற்று.

மாலை வேறு எவனுக்கோ விழுந்தது. கோயில்பிள்ளைக்கு அது ஒரு பொருட்டில்லை. வண்டியை விழாமல் கொண்டுவந்து நிறுத்தினான். பெரியவர்கள் ஒரு குடம் தண்ணீரை முன்சக்கரத்தில் ஊற்றி, பழி நீங்கியது என்றார்கள். அவன் நிழலில் போய் உட்கார்ந்தான். யாரோ சுக்குத்தண்ணி கொடுத்தார்கள். அதைக் குடித்து முடிப்பதற்குள் சுத்தியல் சத்தம் கேட்டது.

கிருபை வண்டியின் முன்னால் மண்டி போட்டிருந்தாள். திருகாணிகளைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டைகளில் ரிவிட்டு வைத்து அடித்துக்கொண்டிருந்தாள். ரிவிட்டு அடித்தால் பிறகு கழற்ற முடியாது, உடைக்கத்தான் முடியும்.

"மதினி, என்ன செய்யுதீய? அது எரவல்."

"தெரியும்."

"தரணும்லா?"

"தாரும். யாரு வேண்டாம்னா?" சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள். "இனிமே இந்த வண்டியில மட்டுமில்ல, எந்த வண்டியிலயும் பந்தயத்துக்கு ஏற மாட்டேன்னு ஆண்டவர் மேல சத்தியம் பண்ணும். பண்ணிட்டு, நீரே ரிவிட்ட ஒடச்சு எடுத்துக் குடும்."

கோயில்பிள்ளை வாயைத் திறந்தான். தளத்தைப் பார்த்தான். யாரோ ஒருவன் அந்த நேரத்திலும் சும்மா ஒரு சுற்றுப் போய்க்கொண்டிருந்தான். அந்த வண்டியின் சத்தம் தூரத்தில் ஏறி இறங்கியது. கோயில்பிள்ளை வாயை மூடிக்கொண்டான்.

"அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்," என்று சொல்லிவிட்டுக் கிருபை அடுத்த ரிவிட்டை வைத்து அடித்தாள்.

உழவாரன் தாழ வந்து சுற்றியது. "அம்மா, பொழுது சாயுது. என் சிறகு."

அவள் நிமிரவில்லை. "ஒனக்கு அந்தப் பெரிய சோடி இருக்குல்லா? எனக்கு இவன் ஒருத்தன்தான்."

"தாயி," என்றது வண்டி, "எனக்காக எரவல் வாங்குன சாமான். நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அந்தப் பறவையப் பாப்பேன்?"

"மூஞ்சியா? அதத்தான் ஓலையால மூடியாச்சே."

கடைசி ரிவிட்டையும் அவள் அடித்து முடித்தாள். அதன் பிறகு வண்டி பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. மற்ற வண்டிக்காரர்கள் வந்து பார்த்து, அதே போல ஓலைக்கூடு கட்டி, அதே போலச் சிறகு செய்து கவிழ்த்து மாட்டினார்கள். அந்த வண்டிகளும் ஒவ்வொன்றாகப் பேச்சை நிறுத்தின. சத்தம் மட்டும் மிஞ்சியது.

உழவாரன் சண்டை போடவில்லை. கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றி வந்தது. தரைக்கு அருகே வரும்போதெல்லாம் காற்று அதை அடியிலிருந்து ஏந்தி மேலே அனுப்பியது. "நான் வேணும்னேயா செய்யுதேன்?" என்றது காற்று. "எனக்குத் தெரியும்," என்றது உழவாரன். இருட்டுவதற்கு முன்னால் ஒரு பனையின் தொங்கோலையில் போய் மோதி, நகத்தை மாட்டிக்கொண்டு தொங்கியது. அப்படியே கண்ணை மூடியது.

நடக்காத கால்கள் சூம்பின. நின்று இளைப்பாறாத உடம்பு இளைத்து இளைத்து ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிட்டது. கோயில்பிள்ளை பல ஆடிகள் பந்தயம் ஓட்டினான். ஒரு தடவையும் விழவில்லை. தளத்துக்கு மேலே அந்தப் பறவை கீச்சிடும்போது மட்டும் அவன் ஹெல்மெட்டைச் சீக்கிரம் போட்டுக்கொள்வான் என்று சொல்கிறார்கள். கிருபை நிமிர்ந்து பார்த்தாளா என்று யாரும் சொல்லவில்லை.

ஓலை போய்ப் பளபளப்பான கூடு வந்தது. ஃபேரிங் என்று பெயரும் வந்தது. ஆனால் பந்தய மோட்டார் சைக்கிளின் முகத்தில் பறப்பதற்கு உதவாத ஒரு சோடிக் குட்டைச் சிறகு கவிழ்ந்து இருப்பதும், அது வண்டியைத் தரையோடு அமுக்கிப் பிடிப்பதும் அன்று முதல்தான். உழவாரன் தரையில் கால் வைக்காததும் அன்று முதல்தான். தண்ணீர் குடிப்பதுகூடப் பறந்தபடியே. பனையோலையின் அடிப்பக்கம் எச்சிலால் கூட்டை ஒட்டுகிறது. இடுகிற முட்டையையும் எச்சிலாலேயே கூட்டோடு ஒட்டிவைக்கிறது. கீழே விழுந்தால், இறங்கி வந்து எடுக்க அதனால் முடியாது.