நரிக்கல்பட்டி சங்கம் நாடு தேடிய கதை

எந்தப் போராட்டமும் ஒருநாள் முடிந்தே தீரும் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் யாரும் நரிக்கல்பட்டிக்கு வந்ததில்லை.

நரிக்கல்பட்டிப் பஞ்சாலையில் ஒரு காலத்தில் வேலைநிறுத்தம் நடந்தது. நியாயமான வேலைநிறுத்தம்தான். பேச்சுவார்த்தைக்கு வருகிறேன் என்று சொன்ன முதலாளி, மில்லைப் பூட்டிச் சாவியோடு ஊரைவிட்டே போய்விட்டார். பிறகு மில்லை இடித்தார்கள். இடித்த இடத்தில் கல்யாண மண்டபம் எழுந்தது. போராடியவர்களில் பலர் திருப்பூருக்குப் போனார்கள், சிலர் ஆட்டோ ஓட்டினார்கள், சிலர் முதலாளியின் கட்சியிலேயே சேர்ந்து முன்னுக்கும் வந்தார்கள். நான்கு பேர் மட்டும் நகரவில்லை. "போராட்டம் இன்னும் வாபஸ் ஆகலியே" என்றார்கள். அதுவும் சரிதான். வாபஸ் வாங்கப் பேச்சுவார்த்தை வேண்டும். பேச்சுவார்த்தைக்கு எதிரே ஓர் ஆள் வேண்டும்.

அந்த நால்வர்: தலைவர் ஆவுடைநாயகம், செயலாளர் சுடலையாண்டி, பொருளாளர் பிச்சைக்கனி, உறுப்பினர் இன்னாசிமுத்து. ஆமாம், மூன்று பொறுப்பாளர்கள், ஒரே ஓர் உறுப்பினர். இன்னாசிமுத்துவைப் போல இத்தனை கவனமாக வழிநடத்தப்பட்ட தொழிலாளி இந்த நாட்டிலேயே கிடையாது.

நால்வரும் எழுபதைத் தாண்டியவர்கள். சங்க அலுவலகத்திலேயே பொங்கிச் சாப்பிட்டு, அங்கேயே படுத்து எழுந்தார்கள். மூவர் மனைவியை இழந்தவர்கள். இன்னாசிமுத்து, போராட்டம் முடியட்டும் என்று கல்யாணத்தைத் தள்ளிப்போட்டவர்.

ஐப்பசி மழையில் அலுவலகத்தின் கூரை பாதி விழுந்தது. பொங்கலுக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார் கட்டடக்காரர். தலைவரின் மகன் பெங்களூருக்கு வரச் சொன்னான். செயலாளரின் மகன் சென்னைக்குக் கூப்பிட்டான். பொருளாளரின் மகள் ஓசூரில் அறையே ஒதுக்கி வைத்துவிட்டாள். இன்னாசிமுத்துவை யாரும் எங்கும் கூப்பிடவில்லை. கூப்பிட ஆள் இல்லை.

அவசரக் கூட்டம் கூடியது.

"நான் பெங்களூர் போயிட்டா சங்கத்துக்குக் கோரம் என்னாகும்?" என்றார் தலைவர். நான்கு பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும் என்பது சங்க விதி; அந்தக் கணக்குக்குத்தான் கோரம் என்று பெயர்.

"ஆமா, கோரம்தான் முக்கியம்" என்றார் செயலாளர், கொஞ்சம் அவசரமாக.

"கோரம் இல்லாட்டி ஒண்ணுமே இல்ல" என்றார் பொருளாளர்.

மூவரும் இன்னாசிமுத்துவைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார்கள். இன்னாசிமுத்து டீ கிளாஸைக் கழுவிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே கழுவிய கிளாஸ்.

அப்போதுதான் பொருளாளர் தன் கையிலிருந்த வடைக் காகிதத்தைப் படித்தார். வெளிநாட்டுக்காரர்கள் ஓய்வுபெற்று நிம்மதியாக வாழ ஏற்றவை தென்கிழக்கு ஆசிய நாடுகள் என்று எண்ணெய்க் கறைக்கு நடுவே போட்டிருந்தது.

"இது நமக்கில்லவே. வெளிநாட்டுக்காரங்களுக்குன்னு போட்டிருக்கு" என்றார் செயலாளர்.

"அங்க போய் இறங்கிட்டா நாமதானவே வெளிநாட்டுக்காரன்?" என்றார் தலைவர்.

இவ்வளவு பெரிய உண்மை அந்த அறையில் அதுவரை பேசப்பட்டதில்லை. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது: நால்வரும் ஒரே நாட்டில், ஒரே வீட்டில் ஓய்வுபெறுவது.

மறுநாள் திருநெல்வேலியில் ஒரு டிராவல்ஸ் அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே ஷர்மிளா பானு என்ற பெண் பொறுமையாகக் கேட்டாள்.

"நல்ல யோசனைதான் தாத்தா. மலேசியா, தாய்லாந்து, வியட்நாம், இந்தோனேசியா, நாலையும் ஒப்பிட்டுப் பாருங்க. ஆளுக்கு ஒரு நாட்டை எடுத்துக்கோங்க. அந்த ஊர் மழை, பாஷை, ஆஸ்பத்திரி எப்படின்னு விசாரிங்க. ஆஸ்பத்திரிதான் ரொம்ப முக்கியம். அப்புறம் ஒண்ணா உக்காந்து முடிவு பண்ணுங்க."

ஆளுக்கு ஒரு நாட்டை எடுத்துக்கொண்டார்கள்; அலுவலகத்தின் நான்கு மூலைகளும் நான்கு நாடுகள் ஆயின. மலேசியா, பதவியின் காரணமாக, தலைவருக்கு. தாய்லாந்து செயலாளருக்கு. வியட்நாம் பொருளாளருக்கு. இந்தோனேசியா முழுக்கத் தீவுகள் என்பதால், கூரை ஒழுகித் தண்ணீர் தேங்கிய மூலை இன்னாசிமுத்துவுக்குப் போனது. அவர் தண்ணீருக்கு நடுவே மூன்று செங்கல்லைப் போட்டு, ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குத் தாண்டிக்கொண்டிருந்தார்.

இரண்டே நாளில் நிலைமை முற்றியது. தாய்லாந்தின் பாயில் வியட்நாம் கால் நீட்டிவிட்டது.

"எல்லையத் தாண்டாதயும்வே!" என்றார் செயலாளர்.

"எங்க நாடு யாருக்கும் அடிபணிஞ்சதில்லவே, ஞாபகம் வச்சுக்கிடும்" என்றார் பொருளாளர், காலை எடுக்காமல்.

"தோழர்களே, எங்க நாட்டுல இந்த மாதிரி சத்தமே கிடையாது" என்றார் தலைவர் மலேசியாவிலிருந்து. அடுப்பு மலேசியாவில் இருந்ததால் அவருக்கு எல்லாரும் அடங்கினார்கள்.

அடுத்தது ஆஸ்பத்திரி.

"ஆஸ்பத்திரியப் பத்தித் தெரியணும்னா நோயாளி வேணுமே. நம்மில யாருக்கு நோய்?" என்றார் செயலாளர்.

யாருக்கும் இல்லை. ஆகவே நோயாளியைத் தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுப்பது என்று முடிவாயிற்று. பொறுப்பாளர்கள் படுத்துவிட்டால் சங்கப் பணி முடங்கும் என்பதால் இன்னாசிமுத்து போட்டியின்றித் தேர்வானார். அவரும் தனக்கே கை தூக்கினார்.

"எனக்கு என்ன நோய் தோழர்?" என்று பணிவாகக் கேட்டார்.

"நெஞ்சுவலி வச்சிக்கிடலாமா?" என்றார் பொருளாளர்.

தலைவரின் முகம் கறுத்தது. "நெஞ்சுவலி தலைவருக்கு வர வேண்டியது. உறுப்பினருக்கு முட்டுவலி போதும்."

"முட்டுவலியக் கூட்டத்துல கேக்காம எப்படிக் கொடுக்கது? நான் செயலாளரா இருக்கேன், எனக்கே இன்னும் வரல" என்றார் செயலாளர்.

கடைசியில் சளிக்காய்ச்சல் என்று சமரசம் ஆயிற்று. இன்னாசிமுத்துவை மழையில் நிறுத்தினார்கள். தயிர் கொடுத்தார்கள், மறுபடியும் மழையில் நிறுத்தினார்கள். ஒரு வாரத்தில் அவருக்குப் பஞ்சாலைக் காலத்திலிருந்து இருந்துவந்த இருமல் நின்றுபோனது. கன்னம் கூடக் கொஞ்சம் பளபளத்தது.

"கருங்காலி! கொடுத்த பொறுப்புக்குத் துரோகம் பண்ணிட்டீரே" என்றார் தலைவர். இன்னாசிமுத்து தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார், இனி இருமுவதாக வாக்களித்தார்.

நோயாளி தயார். ஆனால் நாடு நாடாகப் போக வழியில்லை. அங்கே செயலாளரின் மூளை வேலை செய்தது.

"ஒப்பீடுன்னா நியாயமா இருக்கணும். அதே நோயாளி, அதே நோய், அதே ஆஸ்பத்திரி. அப்பதான் நாட்டுக்கு நாடு என்ன வித்தியாசம்னு துல்லியமாத் தெரியும்."

ஆகவே திங்கட்கிழமை மலேசியா சார்பாக இன்னாசிமுத்து உள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் பரிசோதித்து, "ஒண்ணும் இல்ல, போங்க" என்றார். செவ்வாய்க்கிழமை தாய்லாந்து சார்பாகப் போனார். "நேத்துதான சொன்னேன்?" என்றார் டாக்டர். புதன்கிழமை வியட்நாமுக்காகப் போனபோது ஸ்டெதஸ்கோப்பை மேஜையில் எறிந்தார். வியாழக்கிழமை இந்தோனேசியாவுக்காக வரிசையில் நின்ற இன்னாசிமுத்துவைக் கண்டதும் டாக்டர் பின்வாசல் வழியாக எழுந்து போய்விட்டார்.

"மலேசிய டாக்டர் தங்கமான மனுசன்" என்று அறிக்கை கொடுத்தார் இன்னாசிமுத்து. "தாய்லாந்து பரவாயில்ல. வியட்நாம் டாக்டருக்கு முன்கோபம். இந்தோனேசியால டாக்டரே இல்ல."

"நான் அப்பவே நெனச்சேன்" என்றார் தலைவர்.

வாக்கெடுப்பு நடந்தது. நான்கு நாட்டுக்கும் தலா ஒரு ஓட்டு. தன் நாட்டுக்குத் தானே போட்டுக்கொள்வது அநாகரிகம் என்று ரகசிய வாக்கெடுப்பு நடத்தினார்கள். நாகரிகமாக ஒவ்வொருவரும் அடுத்தவர் நாட்டுக்குப் போட்டார்கள். மறுபடியும் நாட்டுக்கு ஒரு ஓட்டு.

இன்னாசிமுத்து செங்கல் தீவிலிருந்து கை தூக்கினார்.

"எனக்கு எந்த நாடானாலும் சரிதான் தோழர். நாலு பேரையும் ஒரே வீட்டுல இருக்க விடுவாங்களான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

தலைவர் திரும்பி அடுப்பை ஊதினார். "பாயின்டுக்கு வாங்க தோழர்" என்றார். பிறகு அவரே முடிவையும் சொன்னார்: மலேசியாவில் தமிழர் இருக்கிறார்கள், கோஷம் போட்டால் புரிந்துகொள்ள ஆள் உண்டு, ஆகவே மலேசியா.

மறுபடி திருநெல்வேலி. பானு மகிழ்ச்சியோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

"சரி தாத்தா. நீங்கள்லாம் எந்த வேலையில இருந்து ரிடையர் ஆனீங்க?"

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ரிடையரா? நாங்க ஏம்மா ரிடையர் ஆகணும்? நாங்க ஸ்டிரைக்குல இருக்கோம்" என்றார் செயலாளர்.

"ஸ்டிரைக்கா? எப்பயிருந்து?"

"உங்கம்மா பாவாடை சட்டை போட்டுத் திரிஞ்ச காலத்துலருந்து."

பானு சிரித்துவிட்டாள். "அப்படின்னா முதல்ல ஸ்டிரைக்க முடிச்சு வேலைக்குச் சேருங்க. சேர்ந்து ரிடையர் ஆகுங்க. அப்புறம் வாங்க, நானே அனுப்பி வைக்கேன்."

அவள் விளையாட்டாகச் சொன்னாள். அவர்கள் வழிகாட்டலாக எடுத்துக்கொண்டார்கள்.

மில் இருந்த இடத்தில் இப்போது இருப்பது தவசிப்பெருமாளின் கல்யாண மண்டபம். அன்றைக்குப் பெரிய முகூர்த்தம். பரிமாற வேண்டிய ஆட்கள் வரவில்லை. தவசிப்பெருமாள் வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டிருந்தபோது, சிவப்புக் கொடியோடு நான்கு கிழவர்கள் "வேலை கொடு! வேலை கொடு!" என்று முழங்கிக்கொண்டு வந்தார்கள்.

"வேலை வேணுமா? தாராளமா! உள்ள போய் சாம்பார் வாளியத் தூக்குங்க!" என்றார் தவசிப்பெருமாள்.

நால்வரும் அப்படியே நின்றுவிட்டார்கள். எத்தனையோ ஆண்டுகள், எத்தனையோ வாய்தாக்கள். நீதிமன்றம் கொடுக்காததை, தொழிலாளர் துறை கொடுக்காததை, இந்த மனிதர் ஒரே வாக்கியத்தில் கொடுத்துவிட்டார். பொருளாளர் அழுதேவிட்டார். நால்வரும் வெற்றி முழக்கத்தோடு சமையலறைக்குள் நுழைந்தார்கள்.

"எல்லாருக்கும் ஒரே மாதிரி போடுங்க, குறை வந்துரக் கூடாது" என்று தவசிப்பெருமாள் சொல்லியனுப்பினார்.

ஒரே மாதிரி போட்டார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமனுக்கு ஒரு வடை. மடியில் தூங்கிய கைக்குழந்தைக்கும் இலை போட்டு ஒரு வடை. தாய்மாமன் இன்னொரு வடை கேட்டார்.

"அந்தப் பிள்ள கேக்கலியே, உமக்கு மட்டும் எதுக்கு?" என்றார் தலைவர்.

தாய்மாமன் குழந்தையின் வடையை எடுத்தார். "சுரண்டல்!" என்று கத்தினார் செயலாளர்.

அந்த நேரம் பார்த்துக் கெட்டிமேளம் கொட்டியது. இடம் பழைய மில். சத்தம் பெரிய சத்தம். நால்வருக்கும் அது ஷிப்ட் முடிந்த சங்கு. பந்தி நடுவே வாளிகளை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வரிசையாக வெளியேறினார்கள். இட்லி வந்த இலைக்குச் சாம்பார் வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"வெளிய போங்கவே! இனிமே இந்த வாசப்பக்கம் வராதீங்க!" என்று கத்தினார் தவசிப்பெருமாள்.

வாசலுக்கு வெளியே கூட்டம் கூடியது.

"அப்ப நாம ரிடையர் ஆயிட்டோமா?" என்று ஆவலாகக் கேட்டார் பொருளாளர்.

"ரிடையர்னா மாலை போட்டு அனுப்பணும். மாலை போட்டாரா?" என்றார் செயலாளர்.

"போடல."

"அப்ப இது சட்டவிரோத ஆட்குறைப்பு."

ஆகவே வேலைநிறுத்தம். அன்று மாலையே மண்டப வாசலில், கல்யாணத்துக்குப் போட்டுக் கழற்றிய தட்டிகளையும் வரவேற்பு வளைவையும் வைத்துப் போராட்டப் பந்தல் எழுந்தது. அலுவலகச் சாமான்களும் அடுப்பும் வந்து சேர்ந்தன. அதே நான்கு மூலைகளில் அதே நான்கு நாடுகள் அமைந்தன. பொங்கலுக்குக் கூட்டிப்போக வந்த பிள்ளைகளிடம், "களத்துல இருக்கும்போது தளபதி ஊருக்குப் போக முடியுமாலே?" என்றார் தலைவர். அவர்கள் கம்பளியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அதன்பிறகு ஒவ்வொரு முகூர்த்தத்திலும், தாலி கட்டும் நேரத்தில் வாசலிலிருந்து "ஒழிக!" என்று கேட்டது. முகூர்த்தங்கள் குறைந்தன. தவசிப்பெருமாளுக்குத் தூக்கம் குறைந்தது. ஒருநாள் அவர் திருநெல்வேலிக்குப் போய் அதே பானுவைப் பார்த்தார். நான்கு நாடுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். மண்டபத்தைப் பூட்டிச் சாவியோடு மலேசியாவுக்கு ஓய்வுபெற்றுப் போய்விட்டார்.

செய்தி பந்தலுக்கு வந்தது.

"மறுபடியும் நிர்வாகம் ஓடிருச்சு" என்றார் செயலாளர். "நிர்வாகம் இல்லன்னா போராட்டம் எப்படிச் செல்லும்? போராட்டம் இல்லன்னா பந்தல் எதுக்கு?"

பந்தல் இல்லையென்றால் பெங்களூர், சென்னை, ஓசூர். அதை யாரும் சொல்லவில்லை. எல்லாரும் அடுப்பைப் பார்த்தார்கள். இன்னாசிமுத்து கழுவிய கிளாஸை மறுபடியும் கழுவினார்.

தலைவர்தான் வழி கண்டார். "ஓடிப் போனா என்ன? நாமளே ஒரு நிர்வாகத்தத் தேர்ந்தெடுப்போம்."

பொறுப்பாளர்களை விட முடியாது. இன்னாசிமுத்து போட்டியின்றி நிர்வாகமானார். அவரும் தனக்கே கை தூக்கினார். கோரத்துக்கு நிர்வாகத்தையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று விதி திருத்தப்பட்டது. இந்தோனேசியாவில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். மூவரும் எதிரே நின்று, வேலை கொடு என்ற ஒரே கோரிக்கையை முறைப்படி வாசித்தார்கள்.

"ஒரு சந்தேகம் தோழர்" என்றார் நிர்வாகம். "இந்தக் கோரிக்கைய நான் ஏத்துக்கிட்டா என்னாகும்?"

"போராட்டம் வெற்றி. பந்தலப் பிரிச்சிட்டு அவங்கவங்க ஊருக்குப் போகலாம்" என்றார் தலைவர்.

இன்னாசிமுத்து நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். பெரிய கம்பெனிக்காரர்கள் உட்கார்வதைப் போலக் கால்மேல் கால் போட்டார்.

"முடியாது" என்றார்.

ஒரு நொடி மூவரும் அவரையே பார்த்தார்கள். பிறகு அத்தனை ஆண்டுகளில் இல்லாத உற்சாகத்தோடு, மலேசியாவும் தாய்லாந்தும் வியட்நாமும் ஒரே குரலில் முழங்கின:

"முதலாளி இன்னாசிமுத்து ஒழிக! ஒழிக!"

முழங்கி முடித்ததும் டீ போட்டு, முதல் கிளாஸை முதலாளிக்குக் கொடுத்தார்கள்.