அரசர் எண்ணெய் வழிய நின்ற சனிக்கிழமை

அரசருக்கும் பட்டத்து யானைக்கும் வயதே ஆகாது என்று குடிமக்கள் சொல்லியாக வேண்டியிருந்த ஒரு காலத்தில், ஒரு நாட்டில் சாத்தப்பர் என்ற விகடகவி இருந்தார். அரண்மனைக்கு நடக்கும் வழியெல்லாம் மனைவி சீதேவியோடு முதல்நாள் நடந்த பேச்சையே நினைத்துக்கொண்டு போவார்.

"என்னங்க, இன்னைக்காவது ராஜாகிட்ட கேட்டீங்களா?"

"கேக்கத்தான் போனேன். அவரு சிரிச்சுக்கிட்டிருந்தாரு. சிரிக்கிற மனுஷன்கிட்ட எப்படிக் கேக்கறது?"

"முந்தாநாளு?"

"அன்னைக்குக் கோவமா இருந்தாரு."

"ஊரையே வாயால விக்கிறீங்க. பெத்த பொண்ணுக்காக ஒரு வார்த்தை வரமாட்டேங்குதே!"

பத்து வருஷமாக இதே பேச்சுதான். அவர்களுடைய மகள் பூவாத்தாளுக்கு முப்பத்திரண்டு வயது. உடம்பு வளர்ந்த அளவுக்கு அறிவு வளரவில்லை. கஞ்சி ஆறினால் அழுவாள், புது ஆள் தொட்டால் ஓடி ஒளிவாள். எதிர்வீட்டுப் பொன்னாயி கூப்பிட்டால் மட்டும் சிரித்துக்கொண்டே போவாள்.

பெற்றவர்கள் போன பிறகு இப்படிப்பட்ட பிள்ளைகள் யாரிடம் இருப்பது? அதற்கு ஓலை எழுதி அரச முத்திரை வாங்க வேண்டும். ஓலை இல்லாவிட்டால் பிள்ளையும் வீடும் பிரதானி வன்னியப்பரின் பொறுப்புக்குப் போய்விடும். அந்த வகையில் பதினொரு பேர் ஏற்கெனவே அவர் மாளிகைக் கொல்லையில் மாவரைத்துக் கொண்டிருந்தார்கள். அவர்களுடைய வீடுகளில் பிரதானியின் மைத்துனர்கள் குடியிருந்தார்கள்.

இந்த நேரத்தில்தான் அரசரின் மீசையில் ஒரு வெள்ளை முடி தென்பட்டது. அதைச் சொன்ன நாவிதர் வேலையை இழந்தார். அரசர் சபையைக் கூட்டினார்.

"நான் இல்லாத நேரத்துக்கென்று இனி ஒருவரும் எந்த ஏற்பாடும் செய்யலாகாது. ஏற்பாடு செய்கிறவன், நான் இல்லாமல் போவேன் என்று நினைக்கிறான். ஓலை எழுதி வைப்பதும் கூடாது. நானே சாகாதபோது குடிகளுக்கு மட்டும் அப்படி என்ன அவசரம்?"

பிரதானிக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. இனி ஓலையே கிடையாது, எல்லா வீடும் அவருக்கே. அதோடு சாத்தப்பர் மீது அவருக்கிருந்த பழைய பகையும் தீர வேண்டும்.

"மன்னா, இந்த ஆணையைக் காக்கும் பொறுப்பைச் சாத்தப்பரிடமே ஒப்படைக்கலாம். ஓரிடத்தில் மீறப்பட்டாலும் அவரை நாடு கடத்திவிடலாம்."

"நல்ல யோசனை!" என்றார் அரசர்.

சாத்தப்பர் கைகட்டி நின்றார். "ஒரு சொல்லும் கூட்டாமல், ஒரு சொல்லும் குறைக்காமல் நிறைவேற்றட்டுமா, அரசே?"

"அப்படியே செய்யும்."

சனிக்கிழமை வந்தது. அரசர் தலை நிறைய எண்ணெய் தேய்த்துக்கொண்டு பல்லக்கில் ஆற்றங்கரைக்குப் புறப்பட்டார். சீயக்காயும் மாற்று வேட்டியும் பின்னால் போவது வழக்கம். பல்லக்கு வாசலைக் கடந்து கதவு சாத்தப்பட்டதும், சாத்தப்பர் முரசை அடித்தார்.

"அரசர் இங்கே இல்லை! அவர் இல்லாத நேரத்துக்கு எந்த ஏற்பாடும் கூடாது. எல்லோரும் அப்படியே நில்லுங்கள்!"

சமையல்காரர் ஓடி வந்தார். "சாமி, வடை எண்ணெயில கிடக்குது. கருகிடும்!"

"எடுத்து வைத்தால் அது ஏற்பாடு."

"சீயக்காய்த் தட்டு என் கையிலேயே இருக்குதுங்களே?" என்றாள் ஒரு பணிப்பெண்.

"கையிலேயே இருக்கட்டும்மா."

அரண்மனைக் கொல்லைப்புறத்தில் புது நாவிதர் பிரதானிக்கு மழித்துக்கொண்டிருந்தார். ஒரு பக்க மீசை போயிருந்தது. முரசு கேட்டதும் கத்தியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"டேய், மிச்சத்தையும் எடுடா!"

"ஆணைங்க, எசமான். முன்னால இருந்தவரு வேலை போனதை நான் பார்த்தவன்."

ஆற்றங்கரையில் அரசர் காத்திருந்தார். எண்ணெய் நெற்றியில் இறங்கிக் கண்ணுக்குள் போனது. வெயில் ஏறியது. ஈக்கள் மொய்த்தன. கடைசியில் பல்லக்கில் ஏறினால் வழுக்குகிறது என்று நடந்தே கோட்டைக்குத் திரும்பினார்.

"கதவைத் திற!"

உள்ளிருந்து சாத்தப்பரின் குரல் கேட்டது. "யாரது?"

"நான்தானய்யா, அரசன்!"

"வணக்கம், அரசே. தாங்கள் உள்ளே வந்ததும் திறந்துவிடுகிறோம். தாங்கள் உள்ளே இல்லாதபோது திறப்பதற்கு ஆணை இடம் தரவில்லை."

"திறந்தால்தானே நான் உள்ளே வர முடியும்!"

"நியாயமான பேச்சு. அதை ஆணையிலேயே சொல்லியிருக்கலாம்."

பிரதானி ஓடி வந்தார். "காவலா, திறடா கதவை!"

"பிரதானியாரே, ஆணையை மீறச் சொல்கிறீர்களா? நாடு கடத்தப்போவது என்னையா, உங்களையா என்று அரசரிடமே கேட்டுக்கொள்வோம். பக்கத்தில்தான் நிற்கிறார்."

வெளியே ஒரு ஈ அரசரின் மூக்கில் உட்கார்ந்தது. அவ்வளவுதான்.

"ஆணை ரத்து! நான் இல்லாத நேரத்துக்கு எவனும் என்ன ஏற்பாடு வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும்! முதலில் சீயக்காயைக் கொண்டு வா!"

கதவு திறந்தது. கோபத்தோடு உள்ளே நுழைந்த அரசர் முதலில் கண்டது பிரதானியின் அரை மீசையை. ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, எண்ணெய் தெறிக்கத் தெறிக்கச் சிரித்தார்.

"சாத்தப்பரே! அரைநாள் நான் இல்லாததற்கே நாடு இந்தப் பாடு படுகிறதே! ஏதாவது கேளும். எதுவானாலும் தருகிறேன்."

"பொன்தான் கேட்பார்" என்று முணுமுணுத்தார் பிரதானி.

சாத்தப்பர் வாயைத் திறந்தார். வழக்கம்போல ஒரு வேடிக்கைப் பேச்சுதான் நாக்கு நுனிக்கு வந்தது. அரசர் சிரிக்கத் தயாராக நின்றார். சாத்தப்பர் அதை விழுங்கினார். மூச்சை இழுத்துவிட்டு, அந்த அரண்மனையில் யாரும் கேட்டிராத குரலில் பேசினார்.

"அரசே, நானும் என் மனைவியும் ஒருநாள் செத்துப்போவோம். என் மகள் பூவாத்தாள் இருப்பாள். அவளையும் எதிர்வீட்டுப் பொன்னாயியையும் இங்கே அழைத்து, நீ யாரோடு இருக்கப்போகிறாய் அம்மா என்று தாங்களே கேளுங்கள். அவள் யார் கையைப் பிடிக்கிறாளோ, அவர் பெயரை எழுதி முத்திரை வைத்துக் கொடுங்கள்."